கொடியில் காய்ந்த புத்தகங்கள்

காலை ஆறு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது மாவு மில்காரர் வீட்டுக் கொடிக்கயிறு. குழந்தைத் துணிகளுக்கு நடுவே இரண்டு புத்தகங்கள், குதிரைமேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி, முன் அட்டை இந்தப் பக்கமும் பின் அட்டை அந்தப் பக்கமுமாகத் தொங்கின. இரண்டிலிருந்தும் மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. நான் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். பரவைக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவே, திண்டுக்கல் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். முதல் பஸ் ஆறரைக்கு. டிரைவரிடம் செய்திக் கவரைக் கொடுத்துவிட்டால் அது எப்படியோ ஆபீஸ் போய்ச் சேரும். அன்றைய கவரில் இருந்தது ஒரே செய்தி: ஐப்பசியும் ஏமாற்றிவிட்டது, கார்த்திகையும் பாதி போய்விட்டது, மழை இல்லாமல் நாற்று கருகுகிறது. அதே செய்தியை முந்தைய வாரமும் அனுப்பியிருந்தேன். நாற்றுதான் இன்னும் கொஞ்சம் கருகியிருந்தது.

கொடியின் அருகே போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் ஊதா முத்திரை கரைந்து அட்டை ஓரத்தில் வழிந்திருந்தது. அடுத்த தெருவில் ஒரு வீட்டு வேலியில் இன்னொரு புத்தகம் காய்ந்தது. அதற்கடுத்த வீட்டு வாசலில், குழந்தைத் துணிக்குச் சாம்பிராணி போடும் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்கள். கூடையின் கண்கள் வழியாகப் புகை வந்தது. பக்கங்களுக்கு நடுவிலிருந்தும் வந்தது.

கவரை டிரைவரிடம் கொடுத்துவிட்டு நூலகரின் அறைக்குப் போனேன். அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பதினொரு மணிக்கு மாவட்ட நூலக அதிகாரி வருவதாக ஏற்பாடு. அவர் பார்க்க வருவதே இந்தப் புத்தகங்களைத்தான். நான் கண்டதைச் சொன்னேன். பிளேடு பிடித்த கை அப்படியே நின்றது.

"கழுவிட்டாங்களாண்ணே? புத்தகத்தையா?" என்றார்.

மீதிக் கன்னத்தைச் சவரம் செய்ய அவருக்கு ஞாபகம் வந்தது பத்தரை மணிக்குத்தான்.

எங்கள் ஊர் நூலகம் ஒரு பஞ்சுக் கிடங்கின் முன்னறையில் இருந்தது. இரண்டு பெஞ்சு, நான்கு அலமாரி, ஒரு கடிகாரம். கடிகாரம் ஓடாது, ஓடினால் பூட்டும் நேரம் தெரிந்துவிடும் என்று வாசகர்களே அதை அப்படி வைத்திருந்ததாகப் பேச்சு. வாசகர்கள் என்பது செய்தித்தாளின் ஆளுக்கொரு தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கையில் இருக்கும் தாளுக்காகக் காத்திருந்த ஆண்கள். பக்கத்தில் டீக்கடை, எதிரே சலூன். நூலகத்துக்குள் ஒரு பெண் நுழைந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் நடந்து போகும்போதே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகத்தான் போவார்கள்.

நூலகர் தற்காலிகப் பணியில் சேர்ந்தவர். சேர்ந்தபோது தலை நிறைய முடி இருந்தது என்பதை அடையாள அட்டையில் இருந்த போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அவருடைய தாய்மாமன் ஊரின் மேற்கே பம்புசெட்டும் நெல் வயலும் வைத்திருந்தார். மாமாவுக்கு ஒரு மகள். முறைப்படி நூலகருக்குத்தான். ஆனால் மாமா முறையை விட ஆர்டரை மதிப்பவர். "நிரந்தர ஆர்டர் வரட்டும் மாப்ள, மறுநாளே பரிசம் போட்டுறலாம்" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடம் அதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். ஒத்தக்கடையில் ஒரு பஸ் கண்டக்டர், நிரந்தர வேலை, பெண் கேட்டு வந்திருந்தார்கள். தைக்குள் ஆர்டர் வரவில்லையென்றால் கண்டக்டருக்கு விசில் கொடுத்துவிடுவதாக மாமா டீக்கடையில் எல்லார் முன்னிலும் அறிவித்தார்.

பெண்ணின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. அவள் பம்புசெட்டில் துணி துவைக்க வரும் நேரமும் நூலகர் நூலகத்தைப் பூட்டிவிட்டு அந்த வழியாக நடக்கும் நேரமும் ஒன்றாக இருந்ததை மட்டும் நான் கவனித்திருக்கிறேன். நூலகரின் வீடு அதற்கு நேர் எதிர்த் திசையில்.

இப்படி இருக்கும்போது மதுரையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அது குழந்தைகளுக்கான ஆண்டாம். ஒவ்வொரு கிளையும் புதிதாகக் குழந்தை பிறந்த வீடுகளைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு ஒரு துணிப்பை கொடுக்க வேண்டும். பையில் தாய்க்கு உகந்த நூல் ஒன்று, குழந்தைக்குப் படப்புத்தகம் ஒன்று. படித்து முடித்ததும் எல்லாரையும் ஒரே நாளில் நூலகத்துக்கு வரவழைத்து, அதிகாரி முன்னிலையில் புத்தகங்களைத் திரும்பப் பெற்று, தாய்மார்களை உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும். இதைச் சிறப்பாகச் செய்யும் தற்காலிக நூலகர்களின் பெயர் நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்கப்படும். கடைசி வரியை நூலகர் என்னிடம் மூன்று இடத்தில் வைத்து வாசித்துக் காட்டினார்: நூலகத்தில், டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில்.

படப்புத்தகங்கள் மதுரையிலிருந்தே வந்தன. யானை, பூனை, பேனா. தாய்க்கு உகந்த நூல்களைக் கிளையிலேயே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் அலமாரிகளில் இருந்தவை சட்ட நூல்கள், கோழி வளர்ப்பு, நெல் பூச்சிகள், இன்ஜின் ரிப்பேர், அப்புறம் துப்பறியும் நாவல்கள். நூலகர் அட்டையில் பெண் படம் போட்டவற்றைப் பொறுக்கி எடுத்தார். துப்பறியும் நாவல்கள்தான் அதிகம் தேறின. அட்டையில் இருக்கும் பெண் முதல் அத்தியாயத்திலேயே கொலையாகிவிடுவாள் என்பது சுற்றறிக்கை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

தோளில் பையும் சட்டைப் பையில் பேனாவுமாக நூலகர் தெருவில் இறங்கினார். நெருக்கடி நிலை முடிந்து மூன்று வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. தெரியாத ஒரு ஆள் டெர்லின் சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்து, பிள்ளை எப்போது பிறந்தது, இது எத்தனாவது பிள்ளை என்று கேட்டால் அவர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்பதில் எங்கள் பக்கத்து ஆண்களுக்குச் சந்தேகமே வராது. நூலகர் தெரிந்த ஆள்தான். ஆனால் அரசாங்கம் தெரிந்த ஆளைத்தான் முதலில் அனுப்பும் என்பதும் அவர்கள் அனுபவத்தில் கண்டது. அவர் முன்வாசலில் நின்று கூப்பிட, வீட்டுக்காரர் கொல்லை வழியாக வயலுக்குப் போய்விடுவார். மாவு மில்காரர் ஓடவில்லை. தைரியமாக எதிரே வந்து, தனக்கு ஏற்கெனவே பண்ணியாகிவிட்டது என்று சொன்னார். தொட்டிலில் பத்து நாள் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

இன்னொரு வீட்டில் மாமியார் புத்தகத்தை வாங்கி, பின்னும் முன்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதை எப்பத் தம்பி குடுப்பீக? ஆபரேசனுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முதல் வாரம் முழுவதும் ஒரு பை கூடக் கைமாறவில்லை. நூலகர் டீக்கடையில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். மாமா வந்து எதிரே உட்கார்ந்தார். "என்ன மாப்ள, ஊரு பூராம் ஆம்பளைக எல்லாம் உன்னையப் பாத்து ஓடுறாய்ங்களாம்ல" என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நூலகரும் சிரிக்க வேண்டியிருந்தது.

பூட்டைத் திறந்தது ஒரு பெண். பரவை மார்க்கெட்டில் காய்கறி விற்கும் ஒரு அம்மாள் எங்கள் தெருவில் இருந்தார். மார்க்கெட்டில் அவர் கத்தரிக்காய்க்கு விலை சொன்னால் திண்டுக்கல் சாலையில் போகும் லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான், குரல் அப்படி. அவருடைய மகளை வாடிப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. நூலகரை அந்த அம்மாள் வாசலிலேயே நிறுத்தி, ஓட்டுக் கேட்டு வந்தவரை விரட்டுவதுபோல விரட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே இருட்டிலிருந்து மகளின் குரல் வந்தது.

"என்ன புத்தகம்னு கேளும்மா."

நூலகர் தலைப்பைச் சொன்னார். பை உள்ளே போனது. அவரால் உள்ளே போக முடியாது. பிள்ளை பெற்ற அறை. அம்மாளே பையை ஒரு குச்சியால் தள்ளிவிட்டார்.

குழந்தை அதுவரை இரவெல்லாம் அழுதுகொண்டிருந்தது. வசம்பு உரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், திருஷ்டி சுற்றினார்கள். பை போன ராத்திரி அழுகை நின்றுவிட்டது. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் தாய்க்காரி நாவலைச் சத்தமாகப் படித்திருக்கிறாள். பங்களாவில் பிணம், கம்பளத்தில் ரத்தம், ஜன்னலில் ஒரு கறுப்பு உருவம். குழந்தை நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது.

அம்மாள் இதை மறுநாள் மார்க்கெட்டில் சொன்னார். அவர் சொன்னால் அது விளம்பரம்தான். இரண்டே நாளில் நூலகத்து வாசலில் ஆண்கள் நின்றார்கள். ஓடிய அதே ஆண்கள். மாவு மில்காரர், பிள்ளையைத் தூங்க வைக்கிற பையில் ஒன்று வேண்டும் என்று கேட்டு, ஆபரேஷன் பற்றி அன்று சொன்னது பொய் என்று அவராகவே ஒப்புக்கொண்டார். அட்டையில் பெண் படம் உள்ளவை தீர்ந்து, கோழி வளர்ப்பும் போனது. நெல் பூச்சிகளும் போனது. யாரும் புத்தகத்தைத் திறந்து படித்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலான வீடுகளில் பை தொட்டில் கயிற்றில், கறுப்பு வளையலுக்கும் வேப்பிலைக்கும் பக்கத்தில் கட்டப்பட்டுத் தொங்கியது. தூங்காத பிள்ளைகளும் இருந்தன. அவர்களுக்குப் பூச்சிப் புத்தகம் போனதுதான் காரணம் என்று தாய்மார்கள் நினைத்தார்கள்.

நூலகர் முகம் மாறிவிட்டது. மதுரைக்கு அறிக்கை அனுப்பினார். அதிகாரியே நேரில் வருகிறார் என்று பதில் வந்தது. தலைமை அலுவலகத்தில் இருந்த ஒரு நண்பர் தனியாக ஒரு கார்டு போட்டிருந்தார். அதிகாரி சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார், கொஞ்சம் சுத்தம் பார்ப்பார், கவனம் என்று அதில் இருந்தது.

அதனால்தான் நூலகர், விழாவுக்கு முதல் நாள் மாலை, புத்தகம் வாங்கிய வீடுகள் எல்லாவற்றுக்கும் போனார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் அவர் சொன்னது ஒன்றுதான்: "நாளைக்கு வாரவரு மாலை போட்டிருக்காரு. தீட்டு விசயம், பாத்து நடந்துக்கங்க." தீட்டுக் கழியாத பெண்கள் விழாவுக்கு வர வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். மாவு மில்காரரின் தாயார், "அது எங்களுக்குத் தெரியாதா தம்பி? எல்லாம் சுத்தமாத்தான் குடுத்துவிடுவோம்" என்றார். நூலகருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. திரும்பி வரும் வழியில் இரண்டு முறை அதைப் பாராட்டினார்.

இனி, அந்தக் காலை. அரைக் கன்னம் நுரையோடு நூலகர் மாவு மில்காரர் வீட்டுக்கு ஓடினார். கொடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அது கோழி வளர்ப்பு. தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்கு பருத்திருந்தது. மில்காரரின் தாயார் வெளியே வந்தார்.

"இன்னும் காயலையே தம்பி. பனியில எங்க காயுது? ரெண்டு தண்ணி விட்டேன், ஒரு தண்ணி மஞ்சப்பொடி போட்டு."

"அம்மா, இது புத்தகம்."

"புத்தகமா இருந்தா என்ன, பிள்ளை பெத்த ரூம்புல தானே கெடந்துச்சு? சாமி கையில அப்படியே தூக்கிக் குடுக்கச் சொல்றீகளா?"

நூலகர் புத்தகத்தைப் பழையபடி கொடியில் போட்டார். பிள்ளை பெற்ற அறையிலிருந்து பாய், துணி, பாத்திரம் எதுவும் கழுவாமல் வெளியே வராது என்பது நூலகருக்கும் எனக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். புத்தகமும் அதில் சேரும் என்று மட்டும் தோன்றவே இல்லை. மரியாதை தெரிந்த வீடுகள் எல்லாம் முறையாகக் கழுவியிருந்தன. ஒரு வீட்டில் சவுக்காரம் போட்டு, வெள்ளைப் பக்கங்கள் பழுப்பாகிவிடக் கூடாது என்று நீலமும் போட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் கோமியம் மட்டும் தெளித்திருந்தார்கள். அதுதான் கிடைத்ததில் தேவலை.

எட்டு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் இஸ்திரி வண்டிக்காரர் கடை திறந்தார். நூலகர் சில வீட்டுப் புத்தகங்களை மட்டும் ஒரு கூடையில் கொண்டுபோய் இறக்கினார். அந்த ஆள் தொழிலில் இரக்கம் பார்க்காதவர். சட்டை என்ன, பக்கம் என்ன என்று பெட்டியை எடுத்து அழுத்தினார். முதல் பக்கம் அப்பளம் மாதிரிச் சுருண்டு மேலே எழுந்தது. நெல் பூச்சிகளில் தண்டுத்துளைப்பான் படம் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மீதியையும் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கூடையை எடுத்துக்கொண்டோம்.

"ஆர்டரு போச்சுண்ணே" என்றார் நூலகர். பிறகு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "கண்டக்டர் எப்படி, நல்ல பையனா?" என்று கேட்டார்.

பதினொரு மணிக்குச் சரியாக ஜீப் வந்தது. அதிகாரி கறுப்பு வேட்டி, துளசி மாலை, தாடி, வெறுங்கால். அவர் சாதாரண நாட்களில் எப்படிப் பேசுவார் என்று கிளை நூலகர்கள் வட்டாரத்தில் கதைகள் உண்டு. மாலை போட்ட காலத்தில் யாரையும் கோபிக்கக் கூடாது, எதிரே வருகிறவர் எல்லாரும் சாமி. ஜீப்பிலிருந்து இறங்கியதும் பெயர்ப்பலகை கோணலாக இருப்பதைப் பார்த்தார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "பலகையை நேரா வைங்க சாமி" என்றார்.

பெண்கள் வந்தார்கள். கைக்குழந்தைகளோடு, மாமியார்களோடு, புதுப் புடவையில், நூலக வாசல் வரை. உள்ளே வரவில்லை. புத்தகங்களைச் சும்மா கையில் கொண்டுவரவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு வைத்து, அட்டையில் குங்குமப் பொட்டும் இட்டுக் கொண்டுவந்தார்கள். இஸ்திரி போட்ட புத்தகத்துக்கும் ஒரு பொட்டு வைக்கப்பட்டது. மேஜைமேல் எல்லாவற்றையும் அடுக்கினார்கள். அடுக்கு நிற்கவில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வீங்கியிருந்தது. மாமா முன்வரிசை பெஞ்சில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூலகர் அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நூலகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கன்னத்தில் பிளேடு வெட்டியிருந்தது.

அதிகாரி அடுக்கைப் பார்த்தார். ஒன்றைத் தொட்டார். ஈரம். இன்னொன்றைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. தாடிக்குள் ஏதோ அசைந்தது. சரணம் சொல்லியிருக்க வேண்டும்.

அப்போதுதான் அவர் கண்ணில் ஒரு புத்தகம் பட்டது. நல்ல நிலையில், காய்ந்து, ஓரம் மடங்காமல் இருந்த ஒரே ஒரு துப்பறியும் நாவல். அவர் முகம் தெளிந்துவிட்டது. அதை எடுத்தார், விரித்தார், பக்கங்களை விசிறினார். ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்தன.

"இதைப் பாருங்க. எவ்வளவு அழகா வச்சிருக்காங்க. ஒரு புத்தகத்தை இப்படித்தான் பாதுகாக்கணும்" என்று எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். காட்டிவிட்டு, புத்தகத்தைத் தொட்டால் செய்கிறபடி, அதை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

மார்க்கெட்டுக்கார அம்மாள் தன் மகளைத் திரும்பிப் பார்த்தார். தன் குரலை மெதுவாக்கிக்கொள்ள அவர் அன்று முயற்சி செய்தார் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அது அவரால் முடிகிற காரியம் இல்லை.

"ஏண்டி, அது கழுவுன புத்தகமா?"

"இல்ல."

"எல்லாத்தையும் நேத்துக் கழுவுனமேடி. இதை எங்க வச்சிருந்த?"

"தொட்டில்ல. பிள்ளைக்கு அடியில." மகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "இன்னும் முடிக்கலம்மா. கழுவுனா எப்படிப் படிக்கிறது?"

"பிள்ளை நனைச்சுச்சா?"

"ஒரு தடவை. ஓரத்துல. தொடச்சிட்டேன்."

அதிகாரி புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். வைக்கும்போது இரண்டு விரல் மட்டும்தான் அதில் பட்டது. கண்களை மூடிக்கொண்டார். திட்டுவதற்கு அவருக்குத் தெரிந்த அத்தனை சொற்களும் அந்த மூடிய கண்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கும். கண்ணைத் திறந்து நூலகரிடம், "சாமி, பக்கத்துல கிணறு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மாமா எழுந்தார். "நம்ம பம்புசெட்டு இருக்கு சாமி. ஏறுங்க ஜீப்புல."

ஜீப்பில் அதிகாரியை யாரும் தொடாமல் முன்னால் உட்காரவைத்து, நாங்கள் மூன்று பேரும் பின்னால் ஏறினோம். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் விழும், பிறகு இருமும், நிற்கும். அதிகாரி கறுப்பு வேட்டியோடு குழாய்க்குக் கீழே நின்று, வரும்போது நனைந்தார், நின்றபோது காத்திருந்தார். நூலகர் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாவின் மகள் துவைக்கிற கல்லின் பக்கத்தில் துணிகளோடு நின்றவள், யாரும் சொல்லாமலே வரப்பின் மறுபக்கம் போய்விட்டாள். ஆனால் காது கேட்கும் தூரத்தைத் தாண்டிப் போகவில்லை.

இந்தச் செய்தி மலைக்கு அழைத்துப்போகும் குருசாமி காதுக்குப் போனால் மாலையைக் கழற்றச் சொல்லிவிடுவார் என்றார் அதிகாரி. இருமுடிக்குத் தேங்காய்கூட வாங்கியாகிவிட்டதாம். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். பத்திரிகைக்காரனைப் பார்க்கும் பார்வை. நான் மோட்டாரைப் பார்த்தேன். பிறகு அவர், சேதமான புத்தகங்களுக்கு அறிக்கையில் ஒரு காரணம் காட்ட வேண்டும், காரணம் இல்லாவிட்டால் நூலகர்மேல் விசாரணைதான், ஆர்டர் என்ற பேச்சே இல்லை என்றார். கழுவியதாக எழுதினால் ஏன் கழுவினார்கள் என்று கேள்வி வரும். அதிலிருந்து எது எதற்கோ போகும்.

தண்ணீர் மறுபடியும் நின்றது. அதிகாரி குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போன வாரம் இங்க மழை பெஞ்சதா சாமி?"

நூலகர் நேர்மையான ஆள். வானத்தை அண்ணாந்து பார்த்தார். "இல்லையே சாமி" என்றார்.

"பெஞ்சுச்சு சாமி" என்றார் மாமா. "ராத்திரி பூராம் ஊத்துச்சு. மாப்ள அசந்து தூங்கிட்டாரு, அவருக்கு என்ன தெரியும்?"

வரப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "பத்திரிகை என்ன சொல்லுது?"

"அவரு இருக்கிறது வேற தெரு சாமி" என்றார் மாமா.

மோட்டார் இருமிவிட்டு மறுபடியும் தண்ணீர் விட்டது. அதிகாரி தலையைக் கொடுத்தார்.

அவரை அப்படியே ஜீப்பில் மதுரைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் நூலகத்துக்குத் திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. தாம்பாளத்துப் பழங்களை வாசகர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே, பெஞ்சில், மார்க்கெட்டுக்கார அம்மாளின் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, கையில் அந்த நாவல். வீடு தீட்டுக் கழிந்துவிட்டது, அந்தப் புத்தகம் கழியவில்லை, ஆகவே அது வாசல்படி ஏறக் கூடாது என்று அம்மாள் உத்தரவு போட்டிருந்தார். முடிக்காமல் வீட்டுக்கு வர மாட்டேன் என்று மகள் இங்கேயே உட்கார்ந்துவிட்டாள். செய்தித்தாள்காரர்கள் எதிர்ப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தாளைத் திருப்பும் சத்தம்கூட வராமல் படித்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசிப் பக்கத்தை முடித்ததும் புத்தகத்தை மூடி நூலகரிடம் நீட்டினாள்.

"டாக்டருதான் கொன்னிருக்காரு. நான் அப்பவே நெனச்சேன்" என்றாள். பிறகு, "இதே ஆளு எழுதுனது வேற இருக்காண்ணே?" என்று கேட்டாள்.

அன்று நூலகத்தில் சேர்ந்த தாய் அவள் ஒருத்திதான். மற்ற பெண்கள், அதிகாரி குளிக்கப் போனதைப் பார்த்ததும், இன்னும் என்னென்ன கழுவச் சொல்வார்களோ என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மழை இல்லை என்று நான் அனுப்பிய நாற்றுச் செய்தி மறுநாள் நான்காம் பக்கத்தில் வந்தது. நூலகர் அந்தத் தாளை மட்டும் எடுத்து மடித்து, மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் தாள் குறைகிறது என்று சண்டை போட்டார்கள்.

மார்கழி முழுவதும் ஒரு தகவலும் இல்லை. மாமா டீக்கடையில் கண்டக்டரைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தார், நிறுத்திவிடவில்லை. தை பிறந்து, மலைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகு, ஒரு நாள் தபாலில் இரண்டு கவர்கள் வந்தன. ஒன்றில் நிரந்தர ஆணை. மாமா தன் கையாலேயே அதை வாங்கி, படிக்கத் தெரியாத பகுதிகளை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை பரிசம் என்றார்.

இன்னொரு கவரில் சேத அறிக்கையின் நகல் இருந்தது. கனமழையில் கூரை ஒழுகி நூல்கள் நனைந்தன என்று அதில் எழுதியிருந்தது. மாசியில் மதுரையிலிருந்து இரண்டு ஆட்கள் வந்து, ஏணி போட்டு ஏறி, நூலகத்தின் கூரையில் ஓட்டை தேடினார்கள். கிடைக்காததால் மூன்று நல்ல ஓடுகளை எடுத்துவிட்டுப் புது ஓடு வைத்துப் போனார்கள்.

அந்த வருடம் எங்கள் ஊர்க் கண்மாயில் மாடு மேய்ந்தது.